எமோ ராக் கேட்கத் தொடங்குவோருக்கு: எங்கே நுழைவது, எப்படிப் பின்தொடர்வது

நியூ ஜெர்சியைச் சேர்ந்த மை கெமிக்கல் ரொமான்ஸ் குழு 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட 'தி பிளாக் பரேட்' ஆல்பத்தின் புகழ்பெற்ற பாடல், பியானோவின் ஒற்றை ஸ்வரத்தில் தொடங்குகிறது. பின்னர் அணிவகுப்பு முரசு, கூட்டுக்குரல், மின்கிட்டார்கள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, நாடகமேடைக்கே உரிய பிரம்மாண்டத்தில் போய் முடிகிறது. இல்லினாய் மாநிலத்தின் அர்பானா நகரில் கல்லூரி மாணவர்களாக இருந்த மூவர் சேர்ந்து நடத்திய அமெரிக்கன் ஃபுட்பால் குழு 1999-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்திலோ, இரண்டு கிட்டார்கள் இரைச்சல் ஏதுமின்றித் தெளிந்த ஒலியில் ஒன்றையொன்று பின்னிக்கொண்டே போகின்றன. பாடுபவர் குரலை உயர்த்துவதே அரிது. முன்னது மைதானங்களை நிரப்பிய இசை, பின்னது வெளிவந்த காலத்தில் மிகச் சிலரே கேட்ட இசை. இரண்டும் எமோ என்றே அழைக்கப்படுகின்றன. புதிதாகக் கேட்க வருபவர் திகைத்து நிற்பது இந்த இடத்தில்தான்.

எமோ என்பது குறிப்பிட்ட ஓர் ஓசையின் பெயர் அன்று. பங்க் ராக்கின் வேகமும் முரட்டுத்தனமும் மிகுந்த வடிவமான ஹார்ட்கோர் பங்கிலிருந்து கிளைத்து, நாற்பது ஆண்டுகளாக ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறை வாங்கி, தன் ஊருக்கும் வயதுக்கும் ஏற்ப மாற்றிக்கொண்டே வந்த ஒரு ராக் மரபின் பெயர் அது. அதனால், எமோ குழுக்கள் என்று தேடிக் கிடைக்கும் நூறு பாடல்களைக் கலந்து கேட்பவருக்குப் பெரும்பாலும் குழப்பமே மிஞ்சும். நான் பரிந்துரைக்கும் வழி வேறு. ஓர் ஆல்பத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். அது பிடித்துவிட்டால், அதை உருவாக்கியவர்கள் அதற்கு முன்னும் பின்னும் எந்தக் குழுக்களில் இருந்தார்கள், அவர்களுக்கு ஒலிப்பதிவு செய்தவர் யார், வெளியிட்ட சிறு நிறுவனம் எது என்று பார்த்து, அந்தத் தடத்திலேயே செல்லுங்கள். எமோ குழுக்களில் பெரும்பாலானவை இருபது வயதையொட்டியவர்களால் தொடங்கப்பட்டு, சில ஆண்டுகளில் கலைந்து, அதே ஆட்களால் வேறு பெயர்களில் மீண்டும் கூட்டப்பட்டவை. வகைப்பெயர் குழப்பும் இடத்திலும் ஆட்களின் பெயர்கள் சரியான வழியைக் காட்டிவிடும்.

வாஷிங்டனில் பிறந்த கதை

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஹார்ட்கோர் பங்க் செழித்திருந்தது. ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும் பாடல்கள், மூச்சுவிட இடம் தராத வேகம், அதிகாரத்தையும் சமூகத்தின் போலித்தனத்தையும் நோக்கிய சீற்றம் ஆகியவை அதன் அடையாளங்கள். அந்த ஊரின் முதன்மையான குழுக்களில் ஒன்றான மைனர் திரெட் 1983-இல் கலைந்தது. அதன் பாடகர் இயான் மெக்கேயும் டிரம்ஸ் வாசித்த ஜெஃப் நெல்சனும் 1980-இல் தொடங்கியிருந்த டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் தொடர்ந்து இயங்கியது. நிகழ்ச்சிகளில் அடிதடி பெருகி, பலரும் அந்த இசையிலிருந்து விலகத் தொடங்கியிருந்த சூழலில், 1984-இல் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் என்ற குழு உருவானது. மறு ஆண்டு, மெக்கேயின் தயாரிப்பில், வாஷிங்டனை ஒட்டியுள்ள ஆர்லிங்டனில் டான் ஸியென்டாரா நடத்திவந்த இன்னர் இயர் ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவாகி, அவர்களுடைய ஒரே முழுநீள ஆல்பம் வெளிவந்தது.

இந்த ஆல்பத்தைக் கேட்பவர் ஒன்றை உடனே உணர்வார். எமோ பிறக்கும்போது மென்மையான இசையாக இருக்கவில்லை. ஹார்ட்கோரின் வேகமும் இரைச்சலும் இதில் கொஞ்சமும் குறையவில்லை. அந்த வேகத்தைக் கொண்டு பாடப்பட்ட பொருள்தான் மாறியது. பாடகர் கீ பிச்சியோட்டோ வெளியே இருக்கும் எதிரியைப் பார்த்துக் கத்தவில்லை. கைவிட்டுப்போன உறவையும், திரும்பிவராத காலத்தையும், தன் சொந்தத் தயக்கங்களையும் பற்றி, தொண்டை கிழியும் அளவுக்குப் பாடினார். அதே கோடையில் மெக்கேயும் எம்பிரேஸ் என்ற குழுவை அமைத்து, தன்னையே கேள்விக்கு உட்படுத்தும் வரிகளைப் பாடினார். 1985-இன் அந்தக் கோடைக்கு, வாஷிங்டன் பங்க் வட்டத்தினர் 'ரெவல்யூஷன் சம்மர்' என்று பெயரிட்டிருந்தனர். உணர்ச்சி ததும்பும் ஹார்ட்கோர் என்ற பொருளில் எமோகோர் என்ற அடைமொழி இவர்களுக்கு ஒட்டியது. மெக்கே அதை வெளிப்படையாகவே வெறுத்தார். இந்தப் பெயரை ஏற்க மறுக்கும் வழக்கம் அன்று தொடங்கி, இன்றுவரை ஏறத்தாழ எல்லா எமோ குழுக்களிடமும் தொடர்கிறது. ஆகவே ஒரு குழு தன்னை எமோ இல்லை என்று சொல்வதை வைத்துக் கேட்பவர் எந்த முடிவுக்கும் வர வேண்டியதில்லை.

ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் 1986-இல் கலைந்தது. பிச்சியோட்டோவும் டிரம்ஸ் வாசித்த பிரெண்டன் கான்டியும் பின்னர் மெக்கேயுடன் ஃபூகாஸி குழுவில் இணைந்தனர். ஃபூகாஸியைப் பொதுவாக யாரும் எமோ என்று வகைப்படுத்துவதில்லை. ஆனாலும், சட்டென்று நிறுத்துவது, நீண்ட நேரம் அடக்கி வாசிப்பது, எதிர்பாராத கணத்தில் முழுக் குழுவும் வெடிப்பது ஆகிய உத்திகளைப் பின்னால் வந்த எமோ குழுக்கள் பெருமளவு கற்றுக்கொண்டது அவர்களிடமிருந்துதான். அதனால் அவர்களையும் கேட்டுவைப்பது பயன் தரும்.

கேட்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் குரல். எமோ பாடகர்களில் பலர் தங்கள் குரலின் எல்லைக்கு மேலே ஏறிப் பாடுகிறார்கள். சுருதி விலகுகிறது, குரல் உடைகிறது, சில இடங்களில் பாட்டு கத்தலாக மாறிவிடுகிறது. திரையிசையில் பின்னணிப் பாடகர்களின் பிசிறில்லாத சுருதியைக் கேட்டு வளர்ந்த நம் காதுக்கு இது தொடக்கத்தில் பயிற்சிக்குறைவாகத் தோன்றக்கூடும். அந்த உடைப்பை அவர்கள் வேண்டுமென்றே பதிவில் விட்டுவைக்கிறார்கள். ஒரு வரியைச் சொல்வது பாடுபவருக்கு எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதைக் கேட்பவர் அறிய வேண்டும் என்பது இந்த இசையின் அடிப்படை விருப்பம். இரண்டு மூன்று ஆல்பங்கள் கேட்டபின், எந்தச் சொல்லில் குரல் உடைகிறது என்பதையே நீங்கள் கவனிக்கத் தொடங்குவீர்கள்.

அடுத்தது கிட்டார். வாஷிங்டன் குழுக்களின் கிட்டார் ஹார்ட்கோரின் முரட்டு அடியைச் சார்ந்தது. 1990-களில் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் வளர்ந்த, இன்று மிட்வெஸ்ட் எமோ என்று சொல்லப்படும் கிளையில், கிட்டாரை அடித்து வாசிப்பதைவிடத் தந்திகளைத் தனித்தனியாக மீட்டுவதே முதன்மையாகிறது. இதற்காகத் தந்திகளின் சுருதியையே மாற்றிவைப்பார்கள். கிட்டாரின் வழக்கமான சுருதி, தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்திவரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. அமெரிக்கன் ஃபுட்பால் குழுவின் மிகவும் அறியப்பட்ட பாடலில், அது எஃப், ஏ, சி, ஜி, சி, ஈ என்று மாற்றப்பட்டிருக்கிறது. இந்த அமைப்பில் இடக்கை விரல் ஒன்றையும் வைக்காமல் ஆறு தந்திகளையும் ஒருமுறை மீட்டினாலே எஃப் மேஜர் 9 என்ற ஸ்வரக்கூட்டு ஒலிக்கும். சாதாரண மேஜர் கூட்டின் நிறைவு அதில் இருக்கிறது. அதன்மேல் ஏறியிருக்கும் ஏழாம், ஒன்பதாம் ஸ்வரங்கள் அந்த நிறைவை முடிய விடாமல் தொங்கவைக்கின்றன. மகிழ்ச்சி என்றோ துயரம் என்றோ பிரித்துச் சொல்ல முடியாத அந்த நிலையில்தான் மிட்வெஸ்ட் எமோவின் பெரும்பகுதி இயங்குகிறது. கிட்டார் வைத்திருப்பவர்கள் இந்தச் சுருதியை ஒருமுறை வைத்துப் பார்ப்பது, எத்தனை கட்டுரைகள் படிப்பதையும்விட அதிகம் கற்றுத் தரும்.

பாடலின் அமைப்பும் வேறுபடும். பல்லவி திரும்பத் திரும்ப வரும் என்று காத்திருந்தால் ஏமாற்றம் ஏற்படலாம். பல பாடல்களில் திரும்ப வரும் பகுதி என்று ஒன்றே கிடையாது. பாடல் படிப்படியாக ஏறி, இறுதியில் ஒரே ஒரு வரியைப் பற்றிக்கொண்டு, குழுவினர் அனைவரும் சேர்ந்து அதைக் கூவும் இடத்தில் முடியும். வரிகளில் பொதுப்படையான காதலும் சோகமும் குறைவு. குறிப்பிட்ட ஒரு தெரு, ஒரு மாதம், ஒரு தொலைபேசி அழைப்பு என்று நாட்குறிப்பின் துல்லியம் இருக்கும். அதனால் முதல் தடவையே பாடல்வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதை நான் வலியுறுத்துவேன். இரைச்சலுக்குள் சொற்கள் புரியாமல் போவதாலேயே இந்த இசையைக் கைவிட்டவர்கள் பலர்.

1990-கள்: கிளைகள் பெருகிய காலம்

நிர்வாணா என்ற ராக் குழுவின் முதல் ஆல்பத்தை வெளியிட்ட சியாட்டில் நிறுவனமான சப் பாப், 1994-இல் சன்னி டே ரியல் எஸ்டேட் குழுவின் 'டைரி' ஆல்பத்தை வெளியிட்டது. ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கின் தன்னெஞ்சறியும் பாடுபொருளை இந்தக் குழு எடுத்துக்கொண்டது. ஆனால் வேகத்தைக் குறைத்து, இசையை அகலப்படுத்தியது. ஜெரமி எனிக் மெல்லிய உயர்குரலில் தொடங்கி, பாடல் கனக்கும்போது அதே உயரத்தில் கத்தலுக்குள் போகிறார். ஆல்பத்தின் முதல் இரண்டு பாடல்களிலேயே இதைத் தெளிவாகக் கேட்கலாம். குழு 1995-இல் பிரிந்தபோது பேஸ் கிட்டார் வாசித்த நேட் மெண்டலும் டிரம்ஸ் வாசித்த வில்லியம் கோல்ட்ஸ்மித்தும் டேவ் க்ரோலின் ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவில் சேர்ந்தனர். ஏற்கெனவே ராக் கேட்டுப் பழகியவர் எமோவுக்குள் நுழைய 'டைரி'யைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

'டைரி' வந்த அதே 1994-இல், சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து இயங்கிய ஜாபிரேக்கர் குழு '24 ஹவர் ரிவெஞ்ச் தெரபி' ஆல்பத்தை வெளியிட்டது. பிளேக் ஷ்வார்ட்ஸன்பாக் எழுதிய வரிகள் இந்த மரபின் மிகச் சிறந்த எழுத்துகளில் சேரும். பெரிய நிறுவனம் ஒன்றுக்காக அவர்கள் 1995-இல் செய்த 'டியர் யூ' ஆல்பம், ஒலி பளபளப்பாகிவிட்டது என்ற குறைக்கு ஆளாகி, பழைய ரசிகர்களால் ஒதுக்கப்பட்டது. மறு ஆண்டே குழு கலைந்தது. பின்னால் வந்த தலைமுறை அதே ஆல்பத்தைத் தேடிப்பிடித்துக் கொண்டாடியது. எமோவில் ஓர் ஆல்பம் வெளிவந்த ஆண்டின் வரவேற்பை வைத்து அதை மதிப்பிடக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

ஆட்களைப் பின்தொடரும் முறைக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, சிகாகோவின் புறநகரில் பள்ளி மாணவர்களாக இருந்தவர்கள் தொடங்கிய கேப்'ன் ஜாஸ் குழு. டிம் கின்செல்லா பாடினார். அவருடைய தம்பி மைக் கின்செல்லா டிரம்ஸ் வாசித்தார். கிட்டார் வாசித்த இருவரில் ஒருவர் டேவி ஃபான் போலன். ஒரே ஒரு முழு ஆல்பம் வெளியான 1995-இலேயே குழு கலைந்தது. பதிவு கரடுமுரடானது; பாடல்கள் நிலைகொள்ளாமல் தாவுகின்றன; டிம் பாடும் வரிகளில் பொருளைவிடச் சொற்களின் விளையாட்டே மிகுதி. ஆனால் அந்தக் குழுவின் ஆட்கள் அதன்பின் சென்ற இடங்களைப் பாருங்கள். ஃபான் போலன், மில்வாக்கியில் தி பிராமிஸ் ரிங் குழுவை அமைத்து, 1997-இல் 'நத்திங் ஃபீல்ஸ் குட்' என்ற, துள்ளலும் ஏக்கமும் கலந்த ஆல்பத்தைத் தந்தார். டிம் கின்செல்லா, ஜோன் ஆஃப் ஆர்க் என்ற பரிசோதனைக் குழுவைப் பல ஆண்டுகள் நடத்தினார். டிரம்ஸ் வாசித்த தம்பி மைக், கிட்டாரைக் கையில் எடுத்து, ஸ்டீவ் ஹோம்ஸ், ஸ்டீவ் லாமோஸ் ஆகியோருடன் அமெரிக்கன் ஃபுட்பாலை உருவாக்கினார். அது முடிந்தபின் ஓவன் என்ற பெயரில் தனியாகப் பாடி வருகிறார். ஒரே பள்ளிப்பருவக் குழுவிலிருந்து இத்தனை கிளைகள் என்றால், அந்தக் கரடுமுரடான பதிவைத் திரும்பிப்போய்க் கேட்கும் ஆர்வம் தானாக வரும். அந்தக் குழுவின் பதிவுகளைச் சேர்த்து ஜேட் ட்ரீ நிறுவனம் 1998-இல் வெளியிட்ட தொகுப்பு, கேப்'ன் ஜாஸைக் கேட்க மிக எளிய வழி.

அமெரிக்கன் ஃபுட்பாலின் முதல் ஆல்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய புதுக் கேட்பாளர் பலர் இந்த மரபுக்குள் வருவது அதன் வழியாகத்தான். போலிவினைல் நிறுவனம் அதை வெளியிட்ட 1999-இல் அந்த மாணவர்களுக்குக் கல்லூரி முடியும் தறுவாய். ஆல்பம் வெளியானதையொட்டியே குழுவும் கலைந்துவிட்டது. ஒன்பது பாடல்கள், சிலவற்றில் வரிகள் மிகக் குறைவு, சிலவற்றில் பாட்டே இல்லை. கோடைவிடுமுறைக்குமுன் பிரியும் இளைஞர்களின் உரையாடல் அரைகுறையாகக் காதில் விழும் அளவே வரிகள் உள்ளன. மிச்சத்தைக் கிட்டார்களும், டிரம்ஸ் வாசிக்கும் லாமோஸே ஆங்காங்கே ஊதும் டிரம்பெட்டும் பேசுகின்றன. விளம்பரம் இன்றி, கேட்டவர் கேட்காதவருக்குச் சொல்லியே இந்த ஆல்பம் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பரவியது. 2014-இல் மறுவெளியீடு வந்தபோது குழு மீண்டும் கூடி மேடையேறியது. அதன்பின் 2016-இலும் 2019-இலும் புதிய ஆல்பங்கள் வந்தன. அட்டையில் உள்ள அர்பானா வீட்டைப் பார்க்க ரசிகர்கள் வந்துகொண்டே இருந்ததால், 2023-இல் குழுவும் போலிவினைலும் வேறு சிலரும் சேர்ந்து அந்த வீட்டையே வாங்கிவிட்டனர்.

ஒலிப்பதிவாளரின் பெயரைப் பின்தொடர்வதும் பயன் தரும். வாஷிங்டனின் ஜாபாக்ஸ் குழுவில் பாடிய ஜே. ராபின்ஸ், 1990-களில் பல எமோ குழுக்களுக்குத் தயாரிப்பாளராக இருந்தார். பிராமிஸ் ரிங்கின் 'நத்திங் ஃபீல்ஸ் குட்', நியூயார்க்கின் டெக்சஸ் இஸ் தி ரீசன் குழு 1996-இல் வெளியிட்ட ஒரே ஆல்பம், இல்லினாயின் பிரெய்ட் குழுவுடைய 'ஃபிரேம் அண்ட் கேன்வஸ்', ஜாபிரேக்கர் கலைந்தபின் ஷ்வார்ட்ஸன்பாக் தொடங்கிய ஜெட்ஸ் டு பிரேசில் குழுவின் முதல் ஆல்பம் ஆகிய அனைத்தும் அவர் கைபட்டவை. பிரெய்ட் தங்கள் ஆல்பத்தைப் பதிவு செய்யச் சென்றதும் ஸியென்டாராவின் இன்னர் இயருக்குத்தான். டெக்சஸ் மாநிலத்தின் மினரல், கான்சஸ் சிட்டியின் தி கெட் அப் கிட்ஸ் ஆகியவற்றையும் இந்தக் காலத்திலிருந்து விட்டுவிடக் கூடாது. மினரல் கனமும் பணிவும் கலந்த இசை; கெட் அப் கிட்ஸ் இனிய மெட்டுகளை விரும்புவோருக்கானது.

பெருங்கூட்டம் கேட்ட ஆண்டுகள்

அரிசோனா மாநிலத்தின் மேசா நகரைச் சேர்ந்த ஜிம்மி ஈட் வேர்ல்ட், 1999-இல் 'கிளாரிட்டி' என்ற அருமையான ஆல்பத்தைத் தந்தும், அதை வெளியிட்ட பெரிய நிறுவனத்தைவிட்டு வெளியேற நேர்ந்தது. அடுத்த ஆல்பத்தைத் தங்கள் சொந்தப் பணத்தில் பதிவு செய்தார்கள். 2001-இல் வெளியான அந்த 'பிளீட் அமெரிக்கன்' ஆல்பத்தின் 'தி மிடில்' என்ற பாடல், 2002-இல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாடல் பட்டியலில் 5-ஆம் இடம் வரை ஏறியது. அதன்பின் எமோ சிறு அரங்குகளின் இசையாக மட்டும் இருக்கவில்லை. கிட்டாரும் குரலுமாகப் பாடிய டாஷ்போர்டு கன்ஃபெஷனல், லாங் ஐலண்டின் டேக்கிங் பேக் சண்டே, சிகாகோ புறநகரின் ஃபால் அவுட் பாய், டென்னசியின் பாராமோர் ஆகியவை தொலைக்காட்சியிலும், கோடைதோறும் ஊர் ஊராகச் சென்ற வார்ப்டு டூர் மேடைகளிலும், மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தின் பக்கங்களிலும் பெருங்கூட்டத்தைச் சேர்த்தன.

இந்தக் காலத்துக் குழுக்களை உண்மையான எமோ அல்ல என்று தள்ளிவைக்கும் பழைய ரசிகர்களை நீங்கள் நிச்சயம் சந்திப்பீர்கள். அவர்கள் சொல்வதில் இசை சார்ந்த நியாயம் ஓரளவு உண்டு. ஃபால் அவுட் பாயின் மெட்டுகள் ஹார்ட்கோரைவிட, இனிய மெட்டுகள் கொண்ட பாப் பங்க் இசைக்கே நெருக்கமானவை. ஆனால் தொடர்பு அறுந்துவிடவில்லை. நியூ ஜெர்சியின் நியூ பிரன்ஸ்விக் நகரில் வீடுகளின் அடித்தளங்களில் நிகழ்ச்சி நடத்தி வளர்ந்த தேர்ஸ்டே குழு, வாஷிங்டன் மரபின் நேரடி வாரிசு. அதன் பாடகர் ஜெஃப் ரிக்லிதான் மை கெமிக்கல் ரொமான்ஸ் குழுவின் 2002-ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர். தேர்ஸ்டேயின் 'ஃபுல் கொலாப்ஸ்' ஆல்பத்தை இடையில் வைத்துக் கேட்டால், ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கிலிருந்து 'தி பிளாக் பரேட்' வரை ஒரே கோடு செல்வது காதுக்கே தெரியும். மை கெமிக்கல் ரொமான்ஸின் பாடகர் ஜெரார்ட் வே எமோ என்ற பெயரை மறுத்தவர்தான். புற்றுநோயில் இறக்கும் ஒருவரின் கதையாக அவர் கட்டிய ஆல்பம், கோடிக்கணக்கான இளைஞர்களுக்கு எமோவாகவே வந்து சேர்ந்தது.

கறுப்பு உடை, முகத்தை மறைக்கும் முடி, கண்மை என்ற தோற்றம் எமோவோடு இணைக்கப்பட்டதும் இந்த ஆண்டுகளில்தான். 1990-களின் குழுக்கள் சாதாரணச் சட்டையும் மூக்குக்கண்ணாடியுமாக மேடையேறியவை. தோற்றத்தை வைத்து இசையை அளப்பதால் இழப்பு கேட்பவருக்கு மட்டும் நேர்வதில்லை. 2008 மார்ச் மாதம் மெக்சிகோவின் கெரெத்தாரோ நகரில், எமோ தோற்றத்தில் இருந்த இளைஞர்களைக் கும்பல் ஒன்று தேடித் தாக்கியது. தங்கள் மனத்துயரத்தைப் பாட்டில் கேட்க விரும்பியதைத் தவிர அந்தப் பிள்ளைகள் செய்த பிழை ஏதுமில்லை.

இந்த மரபின் உண்மையான குறை ஒன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை. 1990-களின் பிற்பகுதியிலும் 2000-களிலும் வந்த பாடல்களில் பெரும்பாலானவை, விலகிப்போன பெண்ணைப் பற்றி ஆண் பாடியவை. அந்தப் பெண் பேசுவதே இல்லை, சில நேரங்களில் அவள்மீது கொட்டப்படும் வசை எல்லை மீறுகிறது. இசை எழுத்தாளர் ஜெசிகா ஹாப்பர் 2003-இல் 'பங்க் பிளானட்' இதழில் இதை வெளிப்படையாகச் சுட்டி எழுதிய கட்டுரை, இன்றும் எமோ பற்றிய முக்கியமான எழுத்தாகக் கருதப்படுகிறது. எனவே, விஸ்கான்சினின் மாடிசன் நகரிலிருந்து வந்த ரெய்னர் மரியா குழு 1999-இல் வெளியிட்ட 'லுக் நௌ லுக் அகெய்ன்' ஆல்பத்தை உங்கள் முதல் பத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கெய்த்லின் டி மரைஸின் குரலில், உறவு முறிவு இருவருக்கும் நேர்வதாகவே ஒலிக்கிறது. ஹேலி வில்லியம்ஸ் பாடும் பாராமோரின் 2007-ஆம் ஆண்டு 'ரயட்' ஆல்பத்தையும் அதோடு கேட்கலாம்.

மீட்டெழுந்த தலைமுறை

2008-ஐ ஒட்டிப் பெருங்கூட்டம் கலையத் தொடங்கியபோது, பென்சில்வேனியா பகுதியின் இளைஞர்கள் சிலர், கேப்'ன் ஜாஸையும் அமெரிக்கன் ஃபுட்பாலையும் மீண்டும் கையிலெடுத்தார்கள். அல்ஜெர்னான் கட்வாலடர் குழு 2008-இல் வெளியிட்ட 'சம் கைண்ட் ஆஃப் கட்வாலடர்' ஆல்பத்தில் அந்த மீட்டலும் கத்தலும் புது உற்சாகத்தோடு வந்தன. அடுத்த சில ஆண்டுகளில் ஃபிலடெல்ஃபியாவின் மாடர்ன் பேஸ்பால், கனெடிகட்டின் 'தி வேர்ல்ட் இஸ் எ பியூட்டிஃபுல் பிளேஸ் அண்ட் ஐ ஆம் நோ லாங்கர் அஃப்ரெய்ட் டு டை' என்ற நீண்ட பெயருடைய குழு, செயின்ட் லூயிஸின் ஃபாக்ஸிங் ஆகியவை வளர்ந்தன. இதை ரசிகர்கள் எமோ மறுமலர்ச்சி என்றும், வாஷிங்டன் குழுக்கள், 1990-களின் குழுக்கள், பெருங்கூட்டம் கேட்ட குழுக்கள் ஆகியவற்றுக்கு அடுத்து வந்த நான்காம் அலை என்றும் குறிப்பிடுவார்கள்.

இந்த அலையின் உச்சமாக நான் கருதுவது, மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரைச் சேர்ந்த தி ஹோட்டலியர் குழு 2014-இல் வெளியிட்ட 'ஹோம், லைக் நோபிளேஸ் இஸ் தேர்' ஆல்பத்தை. பாடுபொருள் காதல் முறிவிலிருந்து நகர்ந்து, நண்பரின் தற்கொலை, குடும்பத்தின் வன்மம், ஒருவரைக் காப்பாற்ற முடியாமல் போனதன் குற்றவுணர்வு ஆகியவற்றுக்குச் செல்கிறது. மனம் சோர்ந்திருக்கும் நேரத்தில் இதைத் தனியாகக் கேட்கத் தொடங்க வேண்டாம் என்று அக்கறையோடு சொல்கிறேன். தயாரான மனநிலையில் கேட்டால், துயரத்தை இவ்வளவு நேர்மையாகப் பார்த்த ராக் ஆல்பங்கள் மிகச் சிலவே என்பதை உணர்வீர்கள்.

அதன்பின் வந்தவர்களில் வாஷிங்டன் பகுதியின் ஒரிகாமி ஏஞ்சல், ஃபுளோரிடாவின் ஹோம் இஸ் வேர் ஆகியோரைத் தேடிக் கேளுங்கள். லில் பீப், ஜூஸ் வேர்ல்ட் போன்றோரின் எமோ ராப் தனிக் கட்டுரைக்கு உரியது.

இனி, எதில் தொடங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். பெரிய மெட்டுகளும் கூட்டுக்குரலும் பிடிக்கும் என்றால் 'பிளீட் அமெரிக்கன்' அல்லது 'தி பிளாக் பரேட்'. அமைதியும் கிட்டாரின் நுணுக்கமும் வேண்டும் என்றால் அமெரிக்கன் ஃபுட்பால். கனமான ராக் கேட்டுப் பழகியவருக்கு 'டைரி'. வரிகளுக்காகவே இசை கேட்பவருக்கு ஜாபிரேக்கர். ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கை முதலாவதாக நான் யாருக்கும் கொடுப்பதில்லை. பின்னால் வந்தவற்றில் இரண்டையாவது கேட்டபின் திரும்பிச் சென்றால்தான், 1985-இல் அவர்கள் செய்தது எவ்வளவு புதியது என்று விளங்கும். ஓர் ஆல்பம் பெரும்பாலும் முப்பது முதல் ஐம்பது நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். பாடல்களின் வரிசையைக் கலைக்காமல் கேளுங்கள். ஏறுவதும் அடங்குவதுமாக ஆல்பம் முழுவதற்கும் ஓர் அமைப்பு வைத்தே இவர்கள் தொகுக்கிறார்கள். முதல் தடவை பிடிபடாத ஆல்பத்தைச் சில வாரம் தள்ளிவைத்து மீண்டும் எடுங்கள்.

ஸ்க்ரீமோ என்ற உக்கிரமான கிளையைக் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது. 1990-களின் தொடக்கத்தில் சான் டியேகோவின் கிராவிட்டி ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட ஹெராயின், ஆண்டியோக் ஆரோ முதலிய குழுக்களில் வளர்ந்த இந்த இசையில், பாட்டு முழுவதுமே அலறல்தான். பல பாடல்கள் மெட்டு என்று ஒன்று காதில் பிடிபடும் முன்பே முடிந்துவிடும். அந்தக் கிளைக்குள் செல்ல எளிய வழி, 1992-இல் டோக்கியோவில் தொடங்கப்பட்ட என்வி குழுவின் 'எ டெட் சிங்க்கிங் ஸ்டோரி' என்ற 2003-ஆம் ஆண்டு ஆல்பம். ஜப்பானிய மொழியில் அலறும் டெட்சுயா ஃபுகாகாவாவின் குரலுக்குப் பின்னால் கிட்டார்கள் நீண்ட, அழகான மெட்டுகளை விரித்துக்கொண்டே போவதால், அலறலுக்குப் பழகாத காதும் அங்கே தங்கிக் கேட்க இடம் இருக்கிறது. அது பிடித்துவிட்டால் நியூயார்க்கின் சேஷியா, மாசசூசெட்ஸின் ஆர்கிட் என்று தொடரலாம்.